இடது காது கொஞ்சம் இறக்கம்

“மூணு இருக்கு ராஜு. ரெண்டை நாளைக்குக் குடுத்தாப் போதும். இந்த கோல்டு கலர் ஃப்ரேம் மட்டும் இன்னைக்கே வேணும். சாயந்திரம் வந்து வாங்கிக்கறேன்னு அந்தம்மா சொல்லியிருக்கு. கண்ணாடி இல்லாம பஸ் போர்டுகூடத் தெரியலையாம், பாவம். தெரியாம அது மேல உக்காந்துட்டாங்களாம்.” திருவெறும்பூர்க் கடையிலிருந்து வரும் காசிம் பாய் பொட்டலத்தை மேசையில் வைத்தார். பெரிய கடை வீதியில் லென்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பும்போது எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

இருதயராஜ் அவசரமானதைத்தான் முதலில் பிரித்தான். உறையிலிருந்து அது உள்ளங்கையில் விழுந்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது அவன் பெண்டாட்டி பவுலினுடைய கண்ணாடி. போன மாதம் அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தையல் மெஷினை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள். எங்கே போனாள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் அக்கா சொல்லவில்லை, மகளிர் காவல் நிலையத்தில் சொல்லவில்லை, அங்கிருந்து இவனை அனுப்பிவைத்த மனநல டாக்டரும் சொல்லவில்லை. இப்போது ஒரு பிளாஸ்டிக் உறை சொல்லிவிட்டது. திருச்சியில் கண்ணாடிக் கடைகளுக்கா பஞ்சம், வாசலுக்கு வாசல் எல்லா ரிப்பேரும் செய்து தரப்படும் என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஆனால் கீல் உடைந்த உலோக ஃப்ரேமைப் பற்றவைக்க அந்தக் கடைக்காரர்கள் யாருக்கும் வராது. எல்லாம் பொட்டலமாகக் கட்டி பாலக்கரை மாடி அறைக்கு, இவனிடம்தான் வரும். வாடிக்கையாளருக்கு அது தெரியாது. பவுலினுக்கும் தெரியாது. இவன் கண்ணில் படக்கூடாதென்று ஊரின் அடுத்த கோடியில் ஒரு கடையாகத் தேடிக் கொடுத்திருக்கிறாள். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று ஒரு நிமிடம் யோசித்தான். எப்படித் தெரியும், வீட்டில் அவன் தன் வேலையைப் பற்றி என்றைக்குப் பேசினான்? வீட்டில் பேசியதெல்லாம் அவளைப் பற்றித்தான். எங்கே போனாய், யாரோடு சிரித்தாய், மத்தியானம் போன் ஏன் பிஸியாக இருந்தது. நல்ல பேச்சு.

லென்ஸ் இரண்டையும் கழற்றிப் பஞ்சில் வைத்தான். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஒரு கை தூரத்துக்கு மேல் எல்லாம் புகைதான். இத்தனை நாள் எப்படி நடமாடினாளோ, பஸ் போர்டைப் படிக்க யாரைக் கூப்பிடுகிறாளோ. இரக்கமா இது? இரக்கப்படுகிற ஆளைப் பார். மேலே உட்கார்ந்தாளாமே. மேலே உட்கார்ந்தால் இரண்டு காதுக் கம்பிகளும் ஒன்றுபோல விரிந்துகொள்ளும். கை தவறிக் கீழே விழுந்தால் லென்ஸ் ஓரத்தில் சில்லு தெறிக்கும். கைக்குழந்தை பிடித்து இழுத்தால் கம்பி மேல்பக்கமாக முறுக்கும். கன்னத்தில் அறை விழுந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் போகும், அந்தப் பக்கத்துக் கீல் விட்டுவிடும், நோஸ்பேட் உள்ளே மடங்கி மூக்குச் சதையில் பதிந்திருக்கும். வலது கைக்காரன் அடித்தால் எதிரில் நிற்கிறவளுக்கு இடது பக்கம். இதில் இடது பக்கம்தான். இந்த வித்தை இந்த ஊரில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். இந்த மேசைக்கு அப்படி எத்தனை வந்திருக்கின்றன, நல்ல நல்ல ஃப்ரேம்கள், படித்த வீட்டுப் பெண்கள் போடுகிற ரிம்லெஸ்கூட. கதவு இடித்துவிட்டதாம், படியில் தடுக்கிவிட்டதாம். பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவான். எவனோ காட்டுப்பய, கட்டினவளை இப்படியா அடிப்பான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சின்ன இடுக்கியை எடுப்பான். மனதாரத்தான் சொல்வான், அதுதான் வேடிக்கை. காலையில் அப்படிச் சொன்ன வாயோடு இரவு வீட்டுக்குப் போவான். இந்த நினைப்பு வந்ததும் இருதயராஜுக்குக் காது மடல் சுட்டது. அறையில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். சாத்தியும் கீழே பஸ் நிறுத்தத்தில் கண்டக்டர் கத்துவது கேட்டது. திருவெறும்பூர், துவாக்குடி, திருவெறும்பூர்.

கீலைச் சுரண்டிச் சுத்தம் செய்தபோது அடியில் முன்பே பற்றவைத்த தடம் தெரிந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. அவனுடைய கைவேலைதான், இவ்வளவு மெல்லிசாக வெள்ளி ஓட விடுகிறவன் வேறு யார் இருக்கிறான். முதல் தடவை உடைந்தபோது விடிந்ததும் விடியாததுமாக இதை எடுத்துக்கொண்டு இங்கே ஓடிவந்து, பற்றவைத்துப் பாலிஷ் போட்டு, அவள் கண் விழிக்கும்போது தலைமாட்டில் வைத்திருந்தான். அவள் அதைப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள். அவன் அழுதான், காலைப் பிடித்தான், மாதா மேல் சத்தியம் செய்தான். அப்புறம் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான். அவர் கொடுத்த ஜெபத்தை முழங்காலில் நின்று சொல்லி முடித்து எழுந்தபோது உடம்பே லேசாகிவிட்டது, வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தான், அன்றைக்கு அது அமிர்தமாக இருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் குமட்டுகிறது. அவள் கன்னத்தில் விரல் தடம் போகவில்லை, இவனுக்குப் பாவம் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க மல்லிகைப்பூ, அல்வா, சினிமா. நீ இல்லாவிட்டால் நான் செத்துப்போவேன் என்று அவளிடம் சொன்னான், பொய்யில்லை, அப்படித்தான் தோன்றியது. அடிக்கிறபோதும் அப்படித்தான் தோன்றியது. ஒரே ஆள்தான் அவள், ஆனால் மத்தியானம் வரைக்கும் மாதா சொரூபம் மாதிரி இருந்தவள், இரண்டு தடவை போன் எடுக்கவில்லையென்றால் துரோகி ஆகிவிடுவாள். நடுவில் ஒரு பவுலின் இருந்திருப்பாள், இடுப்பு வலியோடு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டு. அவளை அவன் பார்த்ததே இல்லை.

அந்த நடுவில் என்கிற வார்த்தை டாக்டர் மேடம் சொன்னது. அரசு ஆஸ்பத்திரியில் மாடியில் ஒரு சின்ன அறை, வயசில் அவனைவிட இளையவர், ஆனால் பார்வை நறுக்கென்று இருக்கும். பல கேள்வி கேட்டார். அவன் சின்ன வயதில் அம்மா ஒருநாள் கிளம்பிப் போய்த் திரும்பி வராத கதையை முதல் தடவையாக வாய் திறந்து சொன்னான். சொன்னதும் அழுகை வந்தது, அழுகை வந்ததில் ஒரு சுகமும் வந்தது. மேடம் முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, “பவுலின் அழும்போது நீங்க என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார். அவனுக்கு உடனே கண்ணீர் நின்றுவிட்டது. அடுத்த தடவை போனபோது ஆளுமைக் கோளாறு என்று ஒரு பெயர் சொன்னார். விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்கிற பயம் மனதைப் பிடித்து ஆட்டும், மனிதர்களை ஒன்று முழு நல்லவர் இல்லை முழுக் கெட்டவர் என்று மட்டுமே பார்க்க வரும், அதற்குச் சிகிச்சை இருக்கிறது, வருடக்கணக்கில் வந்து பேச வேண்டும் என்றார். பெயர் கிடைத்ததும் இவனுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! படி இறங்கும்போதே பவுலினின் அக்காவுக்குப் போன் போட்டு, “எனக்கு வியாதியாம், டாக்டரே சொல்லிட்டாங்க, நான் என்ன செய்வேன், பவுலின்கிட்ட சொல்லுங்க” என்றான். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். அதற்கடுத்த தடவை மேடத்திடமும் அதையே சொன்னான். கை தானாப் போகுது மேடம், அது நான் இல்ல, அந்தக் கோளாறு. மேடம் பேனாவை மூடி வைத்தார். “இந்தக் கோளாறு இருக்கற நெறைய பேர் யார் மேலயும் கை வைக்கறதில்ல இருதயராஜ். தங்களையே வருத்திக்கறவங்கதான் அதிகம். எந்தக் கோளாறும் இல்லாம பொண்டாட்டிய அடிக்கறவங்களும் ஏராளம். கை தானாப் போகுதுங்கறீங்க. கடைக்காரங்க உங்களத் திட்டியிருப்பாங்கல்ல? அவங்க கன்னத்துக்கு எப்பவாவது தானாப் போயிருக்கா?” அந்தக் கேள்வியை அன்றிலிருந்து வாயில் மாட்டின முள்ளாக வைத்துக்கொண்டு திரிகிறான். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. போகவில்லை மேடம். ஒருநாளும் போகவில்லை. லென்ஸ் கீறிவிட்டது என்று ஒரு கடைக்காரர் பத்துப் பேர் எதிரில் அம்மாவை இழுத்துத் திட்டினார், இந்தக் கை பின்னால் கட்டிக்கொண்டு நின்றது.

பற்றவைக்க வெங்காரத்தைக் குழைத்துக் கீலில் தடவினான். மேடம் இன்னொன்றும் கேட்டார், அதை நினைக்கக்கூடாதென்றுதான் இவ்வளவு நேரம் வேறு எதையெதையோ நினைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியை அவங்க எப்பக் கழட்ட ஆரம்பிச்சாங்க? அவன்தான் முதலில் பெருமையாகச் சொன்னது, பவுலின் பொருளை ரொம்பப் பத்திரமாக வைத்துக்கொள்வாள், சண்டை வந்தால்கூடக் கண்ணாடியைக் கழற்றி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுவாள் என்று. சொல்லும்போது உறைக்கவில்லை. இரண்டாம் தடவை உடைந்த பிறகு ஆரம்பித்த பழக்கம் அது. அவன் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று அவனுக்கே தெரியாத நேரத்தில், அடுப்பை அணைத்து, கையைத் துடைத்து, கண்ணாடியைக் கழற்றி, கம்பியை மடக்கி, ஃப்ரிட்ஜ் மேல் எட்டாத இடமாகப் பார்த்து வைப்பாள். அப்புறம் அந்தப் புகை மூட்டத்துக்குள் திரும்பி நின்று காத்திருப்பாள். ஒரு பிள்ளை இல்லையே என்று எத்தனை நாள் ஆண்டவரிடம் சண்டை போட்டிருக்கிறான், அதையெல்லாம் பார்க்க ஒரு பிள்ளை இல்லாததற்கு இப்போது நன்றி சொன்னான். கடைசி நாளும் அடுப்பை அணைத்தாள், கையைத் துடைத்தாள். கண்ணாடியைக் கழற்றவில்லை. போன் யாரோடு என்று அவன் கத்தினான், ஜாக்கெட் கொடுத்த டீச்சர் என்று சொன்னாள், பொய் என்றான். “கண்ணாடியக் கழட்டுடி” என்று அவனே சொன்னான். அப்படியே சொன்னான், அந்த வார்த்தையை இன்றுவரை மேடத்திடம் சொல்லவில்லை. பவுலின் நிமிர்ந்து பார்த்தாள். “இன்னைக்குக் கழட்ட மாட்டேங்க. எனக்கு நல்லாத் தெரியட்டும்” என்றாள். அதற்கு அப்புறமும் கை போயிற்று. தானாகவா? அவளே ஒரு நிமிடம் அவகாசம் கொடுத்த பிறகு, கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்த பிறகு, தானாகவா?

கீழே மறுபடி கண்டக்டர். ஏறினால் அரை மணிதான். அந்தக் கடைக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை இல்லாமலா இருக்கும், அங்கே நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம். பேசக்கூட வேண்டாம். மெலிந்திருக்கிறாளா, கன்னம் சரியாகிவிட்டதா, அவ்வளவுதான். ஒரு மனுஷன் தன் பெண்டாட்டியைத் தூரத்தில் நின்று பார்ப்பதில் என்ன தப்பு? இந்தக் குரலை அவனுக்கு நன்றாகத் தெரியும், எவ்வளவு பதவிசாக ஆரம்பிக்கும் என்பதும் தெரியும். இதற்கு முன்னால் அவள் லால்குடியில் அக்கா வீட்டுக்குப் போனபோதும் தூரத்தில் நின்று பார்க்கத்தான் போனான். அப்புறம் தெருவில் இறங்கினான், அப்புறம் வாசலில் நின்றான், அப்புறம் ஊர் பார்க்கக் காலில் விழுந்து கதறினான். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் பாவம் அந்த மனுஷன், என்னமா உருகுகிறான், போம்மா என்று அவளைத்தான் பிடித்துத் தள்ளினார்கள். பஸ்ஸில் வரும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வயலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் வெற்றி பெற்றவனாகச் சுண்டல் வாங்கிக் கொடுத்தான். அழுகையும் அடியும் ஒரே கையின் இரண்டு பக்கம்தான் என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பான். இப்போது அவனே சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டதும் கொஞ்சம் பெரிய மனிதன் ஆகிவிட்டதுபோல் இருந்தது, உடனே அதற்கும் வெட்கப்பட்டான். திருந்துகிறேன் என்று தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்கிற பயல்.

தீயைச் சின்னதாக வைத்து ஊதினான். வெள்ளி கரைந்து கீலுக்குள் ஓடி நின்றது, ஒரு இம்மி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகவில்லை. இந்தக் கை நடுங்காது. ஆறவைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டு, மடங்கியிருந்த நோஸ்பேடை நிமிர்த்தி லென்ஸை மாட்டினான். திருகாணியை முடுக்கும்போது அவளை முதலில் பார்த்த நாள் வந்தது. அப்போது ஒரு கடையில் நின்று ஆட்களுக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற வேலை. அவள் அம்மாவோடு வந்திருந்தாள், எந்த ஃப்ரேம் போட்டாலும் ஒரு பக்கம் சாய்ந்தது, தன் முகம்தான் கோணல் என்று வெட்கப்பட்டாள். அவன் அவள் காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “முகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இடது காது கொஞ்சம் இறக்கம், அவ்வளவுதான். கம்பியை இறக்கிட்டாச் சரியாயிடும்” என்றான். அவள் கடைச் சுவர்க் கண்ணாடியில் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. யாரும் கவனிக்காத ஒன்றைக் கவனித்தவன் என்று நம்பித்தான் கட்டிக்கொண்டாள். அந்தக் காது. அந்தக் காதின் மேல்தான். இருதயராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது வேலை முடிந்திருந்தது. இடது கம்பி இறங்கியிருந்தது. நினைத்துச் செய்யவில்லை, பழைய நினைப்புக்கு நடுவில் கை அதுபாட்டுக்குச் சூடு காட்டி, அவள் காதுக்கு எவ்வளவோ அவ்வளவு சரியாக வளைத்து வைத்திருந்தது. மேசையில் வைத்தால் ஆடும், அவள் முகத்தில் மட்டும் நேராக உட்காரும். சந்தோஷமாக இருந்தது. போட்டதும் அவளுக்குத் தெரிந்துவிடும். இந்த இறக்கம் உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும், அவன் கை இதில் பட்டிருக்கிறது, அவன் கோபமில்லாமல் செய்து அனுப்பியிருக்கிறான் என்று புரிந்துகொள்வாள். மனசு இளகும். இளகுமா? அந்தக் கடையில், சாயந்திர வெளிச்சத்தில், அவள் கண்ணாடியை மாட்டிக்கொள்வதை அவன் கண் முன்னால் பார்த்தான். முதலில் ஊர் தெரியும், கடைத்தெரு தெரியும், பஸ் போர்டு தெரியும். அடுத்த நிமிடம் காதுக்குப் பின்னால் அந்தக் கம்பி வந்து உட்காரும். அவள் முகம் வெளுத்துவிடும். கடைக்காரர் பேசுவது காதில் விழாது, தெருவின் அந்தப் பக்கம் டீக்கடையில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். இன்றைக்கே மறுபடி ஆட்டோ பிடித்துத் தையல் மெஷினை ஏற்றுவாள். அன்பு என்று இவன் நினைத்துக்கொண்டு அனுப்புவது அவளுக்குச் செருப்பைக் கழற்றுகிற சத்தம்தான். இருதயராஜ் இடுக்கியை எடுத்தான். பல தடவை வளைந்த கம்பி, இன்னொரு தடவை தாங்குமோ தாங்காதோ. சூடு காட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு, இறக்கத்தை எடுத்துவிட்டு, எந்தக் கடைக்காரனும் எந்த முகத்துக்கும் செய்கிறாற்போல நேராக நிமிர்த்தினான். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை. ஒவ்வொரு மயிரிழைக்கும் அவன்தான் அதை நகர்த்த வேண்டியிருந்தது.

காசிம் பாய் படியேறி வந்தார். கண்ணாடியை மேசையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தார், ஆடவில்லை. “மட்டமா உக்காருது. உங்க கை கைதான் ராஜு” என்று உறையில் போடப் போனவர் நிறுத்தினார். “அட, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். இடது பக்கம் கொஞ்சம் இறக்கி இருக்கணும்னு அந்தம்மா சொல்லுச்சு. முன்ன ஒருத்தர் அப்படித்தான் வளைச்சுக் குடுப்பாராம். எவ்வளவுன்னு அதுக்குச் சொல்லத் தெரியல. நீங்க பாத்துச் செஞ்சுடுங்களேன்.”

முன்ன ஒருத்தர். சொல்லியிருக்கிறாள், என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள், மறக்கவில்லை. ஒருத்தரா, நான் ஒருத்தரா? இரண்டும் ஒரே நேரத்தில் எழும்பி வந்தன. கை கண்ணாடிக்கு நீண்டுவிட்டது. இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

“ஆளைப் பாக்காம எப்படி பாய் வளைக்கறது? உங்க ஓனர் மாட்டிப் பாத்துச் செஞ்சு குடுக்கட்டும்” என்றான். “எனக்கு அவங்க காது எப்படித் தெரியும்?”

“அதுவும் சரிதான்” என்று காசிம் பாய் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். அப்போதுதான் அது வந்தது. யாரோ ஒருவன் விரல் அவள் காதுக்குப் பின்னால் போகப் போகிறது, முகத்துக்குக் கிட்டே வந்து நிற்கப் போகிறான், அவள் சிரித்தாலும் சிரிப்பாள். ரத்தம் தலைக்கு ஏறியது. எவன் அவன்? இதோ இப்போதுதான் இவ்வளவு யோசித்து, இவ்வளவு வெட்கப்பட்டு, ஒரு காரியம் செய்து முடித்தான், அதற்குள். மாறவில்லை, ஒன்றும் மாறவில்லை, அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. மேடத்திடம் இதைச் சொல்ல வேண்டும், கண்ணாடியைக் கழட்டுடி என்று சொன்னதையும் சொல்ல வேண்டும். கீழே பஸ் வந்து நின்றது. திருவெறும்பூர், துவாக்குடி, திருவெறும்பூர். இருதயராஜ் இரண்டு கையாலும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த பஸ் கிளம்பிப் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தான். அதற்கடுத்த பஸ்ஸுக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.